எஸ்.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?

வடசென்னைப் பட்டறைகளோட பழைய பில் புக் எதையாவது புரட்டிப் பார்த்திருக்கீங்களா? உச்சியில பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழே பட்டறை பேர், ஓரமா விற்பனை வரி எண். பக்கத்திலேயே பொடி எழுத்துல "எஸ்.எஸ்.ஐ. நம்பர்"னு இன்னொண்ணு இருக்கும். சிறுதொழில்னு அரசாங்கத்துல பதிஞ்சதுக்கான அடையாளம் அது. அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதையே இருக்கு.

1948ல அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, அடுத்த வருஷமே எண்ணூர்ல ஆஸ்டின் கார்களைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. 1955ல அது அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1955ல என்ஃபீல்ட் இந்தியா கம்பெனி பிறந்து, திருவொற்றியூர்ல புல்லட் தயாராச்சு. தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோ பேர்ல ஒரு நகரே இருக்கு, இப்ப மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும். பெரிய ஆலை ஒண்ணு வந்தா சுத்துவட்டாரத்துல சின்னச் சின்னதா முளைக்கத்தானே செய்யும்? லேத், வெல்டிங், ஃபவுண்டரி, காசிமேட்டுப் பக்கம் போட் இன்ஜின் ரிப்பேர்... ரெண்டு மெஷின், நாலு ஆள், ஒரு தகரக் கொட்டகை.

இந்த நாலு ஆள் பட்டறைக்கு அரசாங்க லைசென்ஸ் வேணுமா? 'லைசென்ஸ் ராஜ்'னு எல்லாரும் திட்டுற அந்தக் காலத்துல கண்டிப்பா வேணும்னுதான் நினைப்போம். அதான் இல்ல! 1951ம் வருஷத்துத் தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்துல தொழிற்சாலைன்னாலே கரன்ட் வச்சு 50 பேர், கரன்ட் இல்லாம 100 பேர் வேலை பார்க்கற இடம்னுதான் அர்த்தம். அதுக்குக் கீழே இருந்தா தொழில் லைசென்ஸ் கிடையாது. (நகராட்சி லைசென்ஸ், ஈ.பி. கனெக்ஷன் எல்லாம் தனிக் கதை. அதை ஆரம்பிச்சா இன்னிக்கு முடியாது.) சிறுதொழில்னு பதிவு பண்றதும் கட்டாயமில்ல, இஷ்டம் இருந்தா பண்ணலாம். முதலீடு 5 லட்சத்துக்குள்ள இருக்கணும்னு ஆரம்பத்துல வரம்பு வச்சாங்க. 1966ல அதை மெஷின் மதிப்புக்கு மட்டும்னு மாத்தி ஏழரை லட்சம் ஆக்கினாங்க. 1991ல அது 60 லட்சம்.

கட்டாயமில்லாத ஒண்ணுக்கு எதுக்கு அத்தனை பேர் ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சாங்க?

இரும்புக்காகத்தான்.

அப்ப இரும்பு கண்ட்ரோல்ல இருந்த சரக்கு. கம்பியோ தகடோ கண்ட்ரோல் விலைக்கு வேணும்னா கோட்டா வேணும், கோட்டாவுக்கு எஸ்.எஸ்.ஐ. நம்பர் வேணும். வீட்டுக்கு ரேஷன் கார்டு மாதிரி பட்டறைக்கு அந்தச் சர்ட்டிஃபிகேட். 1955ல தொடங்கின தேசியச் சிறுதொழில் கழகம் தவணையில லேத் மெஷின் கொடுத்துச்சு. 1969ல பேங்குகள் தேசியமயம் ஆனப்புறம் கடனுக்கும் இந்தப் பேப்பர் உதவிச்சு. ஆக, யாரும் சட்டத்துக்குப் பயந்து பதியல, சரக்குக்காகப் பதிஞ்சாங்க. ரேஷன் கார்டுன்னா போலி இல்லாமலா? மெஷினே இல்லாம லெட்டர்பேடுல மட்டும் 'ஓடின' பட்டறைகள் நாடு முழுக்க இருந்துச்சு. கோட்டா இரும்பை வாங்கி வெளிச் சந்தையில தள்ளிட்டாப் போதும், லேத் ஓட்டறதைவிட லாபம் ஜாஸ்தி! அதைப் பிடிக்க இன்ஸ்பெக்‌ஷன். கடைசியில நிஜமா ஓட்டறவனும் பில்லு, வரைபடம், வாடகை ஒப்பந்தம்னு எல்லாத்தையும் காட்டணும். முதல்ல தற்காலிகப் பதிவு, உற்பத்தி ஆரம்பிச்சப்புறம் நிரந்தரப் பதிவு.

நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு கூத்து இருக்கு. 1978ல மாவட்டத் தொழில் மையங்கள் வந்தப்ப சென்னை மாதிரி பெருநகரங்களை விட்டுட்டாங்க. ராயபுரத்துப் பட்டறைக்காரர் கிண்டி ஆபீசுக்குப் போகணும். டோல்கேட் தாண்டி திருவொற்றியூர்னா அது செங்கல்பட்டு மாவட்டம், தலைநகர் காஞ்சிபுரம். 1997ல திருவள்ளூர் மாவட்டம் பிரிஞ்சப்புறம் காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகணும். ரெண்டு பட்டறையும் ஒரே கடற்கரையில, ஒரே ஆலைக்கு ஜாப் பண்ணாலும் ஆபீஸ் மட்டும் ஆளுக்கொரு திசை. திருவொற்றியூர் 2011லதான் சென்னை மாநகராட்சியில சேர்ந்துச்சு. சென்னை மாவட்டத்துக்குள்ள வர 2018 ஆச்சு.

1992 ஜனவரியில இரும்புக் கண்ட்ரோலை எடுத்தாங்க. காசு இருந்தா யார் வேணும்னாலும் வாங்கலாம். அப்ப நம்பர் எதுக்கு? 2001-02ல எடுத்த மூணாவது சிறுதொழில் கணக்கெடுப்பைப் பாருங்க. நாடு முழுக்கப் பதிவு பண்ணி ஓடிட்டிருந்தது 13.75 லட்சம். பதிவு பண்ணினவங்கள்ல மூடிப்போனது 8.87 லட்சம். பதிவே பண்ணாதது 91.46 லட்சம்! ஏன் பண்ணலைன்னு கேட்டதுக்கு, இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்னு பாதிக்கும் மேல சொன்னாங்க. கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் இஷ்டமில்லைன்னாங்க. "எதுக்கு சார் வம்பு, நாளைக்கு எவனாவது வந்து நிப்பான்"ங்கறது நம்ம ஊர்ல சாதாரணமா காதுல விழற வசனம்தானே.

ஆனா பேப்பருக்கு வேற ஒரு உயிர் வந்திருந்துச்சு. ஜாப் ஆர்டர் பட்டறைக்காரனைக் கொல்றது இரும்பு விலை இல்ல, வராத பாக்கி. 1993லயே தாமதமான பாக்கிக்கு வட்டின்னு சட்டம் வந்துச்சு. 2006ம் வருஷச் சட்டம் இன்னும் கறார்: ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாளைக்கு மேல இழுக்கக்கூடாது. இழுத்தா, ரிசர்வ் பேங்க் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. கேட்க நல்லாத்தான் இருக்கு. பெரிய கம்பெனி மேல கேஸ் போட்டா அடுத்த ஆர்டர் யாரு குடுப்பா? அதையும் மீறிப் போனவங்களுக்கு 2021ல உச்ச நீதிமன்றம் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்குல ஒரு குண்டைப் போட்டுச்சு: சரக்கை அனுப்பிட்டு அப்புறம் பதிவு பண்ணினா, பழைய பாக்கிக்கு இந்தச் சட்டம் உதவாது. அதை மறுபடி யோசிக்கணும்னு 2025 ஜனவரியில இன்னொரு அமர்வு மூணு நீதிபதிகளுக்கு அனுப்பிச்சு. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலயும் ஒரு கிடுக்கிப்பிடி. பதிவு பண்ணின குறு, சிறு உற்பத்தியாளர் பாக்கியை அதே கெடுவுக்குள்ள கொடுக்கலைன்னா, வாங்கினவங்க அந்த வருஷம் அதைச் செலவுக் கணக்குல காட்ட முடியாது. வாங்கி விக்கிற வியாபாரிகளுக்கு இந்த ரெண்டு பாதுகாப்பும் இல்ல. 2021லிருந்து அவங்களும் பதியலாம், ஆனா முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான்.

பதியறது இப்ப சுலபம். 2020 ஜூலை 1லிருந்து 'உத்யம்'. ஆதார், பான் வச்சு உட்கார்ந்த இடத்திலேயே முடிச்சுடலாம். காக்களூர் பஸ் பிடிக்க வேணாம். காசும் கிடையாது, யாராவது ஃபீஸ் கேட்டா அது அரசாங்கத் தளம் இல்ல. சர்ட்டிஃபிகேட்டுல பதிவான தேதி இருக்கும். முதல் பில் போடறதுக்கு முன்னாடி தேதியா அது இருக்கணும், அவ்வளவுதான்.