மண் மூடும் முன்னர்

அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை 1890இல் விலைக்கு வாங்கிய தோமஸ் லிப்டன் என்னும் கிளாஸ்கோ நகர வணிகர், தேயிலையை விற்பதற்குத் தேயிலையை மாத்திரம் நம்பியிருக்கவில்லை, படங்களையும் நம்பினார். கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் அவருடைய விளம்பரங்களில் ஏறி இங்கிலாந்தின் கடைவீதிகளை அலங்கரித்தது. பின்னர், 1926 முதல் 1933 வரை இயங்கிய பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை, தேயிலை உள்ளிட்ட குடியேற்ற நாட்டு விளைபொருள்களுக்காகப் பெரும் பெரும் சுவரொட்டிகளை அச்சிட்டு நகரந்தோறும் நிறுத்தியது. அச்சுவரொட்டிகள் இன்று லண்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

படம் பிழைத்துக்கொண்டது. படத்தில் நின்றவளின் பெயர் என்னவாயிற்று?

அப்பெயர் எழுதப்படாமல் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தின் அகன்ற பக்கங்களில், மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டமாக, அவளுடைய உழைப்பு குறிக்கப்பட்டது. அவளுடைய கூட்டம் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் துரை ‘துண்டு’ கொடுக்கவேண்டும். இவர்களுடைய கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பதே அத்துண்டின் சாரம். 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை மனிதரைக் கடனோடு கட்டிக் கைமாற்றியது அந்தச் சிறு காகிதமே.

காகிதத்தின் ஆட்சி அத்தோடு முடியவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளையில் எஸ். எம். சுப்பையா உட்பட, இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்ததை நிரூபி என்றது. இன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததை நிரூபி என்றது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், இத்தனை ஆண்டு இடைவிடாது இங்கே வசித்ததற்குச் சான்று கொண்டுவா என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்தாம். லயத்துப் பெட்டியில் ஒரு பழைய சீட்டு இருந்ததா இல்லையா என்பதில் ஒரு குடும்பத்தின் தேசமே தொங்கிய காலம் அது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர் என்று கணக்கிட்டபோது, பலருடைய பெட்டிகளும் கடல் கடந்தன.

போராட்டத்தின் காகிதங்களோ இன்னும் அரியவை. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளையை அடுத்த வெவஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். மே மாதத்தில் தடையை மீறிக் கலாநிதி என். எம். பெரேரா பதுளையிற் கூட்டத்தில் பேசினார். பின்னர் பொலிஸ் கொடுமையும், ஊவாவை வெளியுலகினின்று ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அந்த அலையை ஒடுக்கின. இத்தகைய நிகழ்ச்சிகளில் அதிகாரியின் அறிக்கைக்கு அலுமாரி உண்டு. தொழிலாளியின் துண்டுப்பிரசுரத்துக்கும் சங்கச் சுவரொட்டிக்கும் மேதினப் பதாகைக்கும் உள்ள காப்பகம் கூரை ஒழுகும் லயமே.

அந்த லயமும் நிலையானதன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மனித உயிர்களை இழந்த அவ்வேளையில் காகிதங்களுக்காக எவரும் அழுதிருக்க மாட்டார், அழவும் நேரமில்லை. ஆயினும் அப்பெட்டிகளுக்குள் இருந்தவையும் அம்மண்ணுக்குள்ளேயே போயின. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் கொணர்ந்த மழையில் பதுளை மாவட்டத்துச் சரிவுகள் மீண்டும் இடிந்தன. இனியும் காத்திருக்கலாமா?

இங்கே, சற்றுத் தொலைவான ஓர் உதாரணத்தைக் காட்ட விரும்புகிறேன். நாணயம் இட்டு ஆடும் மின்விளையாட்டுப் பெட்டிகள் ஜப்பானிலும் மேலை நாடுகளிலும் ஒரு காலத்திற் பெருகியிருந்தன. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978இலும் ‘பக்மான்’ 1980இலும் வந்தவை. அவற்றின் பக்கப் பலகைகளிற் பெரிய வண்ண ஓவியங்கள் இருந்தன. பெட்டிகள் குப்பைக்குப் போகத் தொடங்கியபோது, ஆர்வலர் சிலர் கைவருடியைக் கொண்டு அவ்வோவியங்களைப் பட்டை பட்டையாகப் படியெடுத்துக் கணினியில் இணைத்துக் காத்தனர். இதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. தம் இளமையின் விளையாட்டுக்கு அவர்கள் செய்ததை நம் பாட்டிமாரின் உழைப்புக்கு நாம் செய்யலாகாதா?

கைவருடி என்பது ஓர் அடி நீளமும் இல்லாத கோல் போன்ற ஸ்கேனர். அடியில் ஒளியும் வரிசையான உணரிகளும் உள்ளன. தாளின் மீது இழுக்கும்போது உருளை சுழன்று தூரத்தை அளக்க, வரிவரியாகப் படம் பதிகின்றது. மின்கலத்தில் இயங்குவதால் லயத்துக்கே எடுத்துச் செல்லலாம். காகிதம் வீட்டைவிட்டு நகர வேண்டியதில்லை. அது காணும் அகலம் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் அகலச் சுவரொட்டியை, ஒவ்வொரு பட்டையும் முந்தியதன் மேல் 4 சென்ரிமீற்றர் படியுமாறு இழுத்தால், ஆறு பட்டைகளில் அடக்கிவிடலாம். இப்படிதல் அவசியம், இரு பட்டைக்கும் பொதுவான அடையாளங்களைக் கண்டுதான் கணினி அவற்றைப் பொருத்துகிறது. விரைந்து இழுத்தால் எழுத்துச் சிதையும். கோணினால் வரி சாயும். ஆகவே நேர்ச்சட்டம் ஒன்றை அணைத்து இழுத்தல் நன்று. உளுத்த தாளை உருளை கிழித்துவிடக்கூடுமாதலால், மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரிக்கவேண்டும். அளவு தெரிய ஓரத்தில் ஓர் அடிக்கோல் வைப்பதும் நல்லது.

கருவி எளிது, நியாயம் கடினம். படியெடுக்கும் உரிமையைத் தருபவர் பெட்டிக்குரியவரே. கடனையும் குடும்ப விவரத்தையும் தாங்கிய சீட்டுகளை அவர் இசைவின்றி ஊருக்குக் காட்டலாகாது. மூலம் அவரிடமே இருக்க, ஒரு பிரதி அவருக்கும், ஒரு பிரதி பள்ளிக்கும், இசைந்தால் ஒன்று பொதுக் காப்பகத்துக்கும் போகட்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிம வடிவில் இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது, வழி புதிதன்று.

பதுளையிலும் பண்டாரவளையிலும் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களே, ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். மாணவர் தத்தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு காகிதத்தையும் பற்றிப் பாட்டியிடம் கேட்டு எழுதிவரட்டும். லண்டன் காப்பகத்தில் முகம் இருக்கிறது. பெயர் நம் லயத்தில் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதனைப் படியெடுத்து வைப்போம்.