பர்மா வட்டியில எழும்பின படிப்பு

அண்ணாமலை நகருக்கு ஒரு வேலையா போயிருந்தேன். கூட மச்சினன் மகன். சென்னையில ஐ.டி. வேலை, லீவுக்கு வந்தவன். பல்கலைக்கழக வாசல்ல சிலையைப் பார்த்துட்டு, "யாரு மாமா இது?"ன்னான்.

ராஜேந்திரன். 1965 ஜனவரி 27-ல இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல, இதே சிதம்பரத்துல போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல செத்துப்போன மாணவர். ரெண்டு வருஷத்துல, 1967 தேர்தல்ல காங்கிரஸ் ஆட்சி போச்சு. அதுவரைக்கும் உங்களுக்கும் தெரியும். எனக்குள்ள ஓடினது வேற: அத்தனை மாணவர்கள் கூட ஒரு பல்கலைக்கழகம் இந்த நெல்லு பூமிக்கு எப்படி வந்துச்சு?

1920-ல இங்க ஒரு கல்லூரி தொடங்கி, 1929-ல பல்கலைக்கழகமா ஆக்கினவர் அண்ணாமலை செட்டியார். ஊர் கானாடுகாத்தான். குடும்பத் தொழில் வட்டிக்கடை; பர்மா, மலாயா, இலங்கைன்னு கிளைகள். அதுல பெரிய வரவு பர்மா. கீழ்பர்மாவுல காட்டை அழிச்சு நெல் போட்ட குடியானவனுக்கு முன்பணம் தேவை. அதைக் கொடுத்தது செட்டியார் பெட்டிகள். கடனுக்கு ஈடு நிலம். ஏஜெண்டு மூணு வருஷம் அங்க உக்காந்து கணக்கு எழுதிட்டு ஊர் திரும்புவாரு. வீடு, கோயில், பள்ளின்னு பணம் இங்க இறங்குச்சு.

1930-ல நெல் விலை விழுந்தது. பர்மா சம்சாரிக்குக் கடன் கட்ட முடியலை. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார் கைக்குப் போன நிலம் 1930-ல 6 சதவீதம், 1938-ல 25. பல்கலைக்கழகம் அதுக்கு முந்தியே வந்துடுச்சுன்னு ஞாயமா சொல்லணும். ஆனாலும் அதைக் கட்டினதுல அந்தக் குடியானவன் கட்டின வட்டியும் உண்டு.

இன்னொரு கூத்து. 1937 வரைக்கும் பர்மா நம்ம நாட்டோடவே சேர்ந்திருந்ததால, அந்த அரிசி சுங்கமில்லாம சென்னைத் துறைமுகத்துல இறங்கும். விலை விழுந்த காலத்துல நம்ம பக்கத்து நெல்லையும் அது சேத்து இழுத்துச்சு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் "பர்மா அரிசி"ன்னா முகஞ்சுளிப்பாரு. அவரோட பேரன் நான் படிச்சது அந்தப் பணத்துல எழும்பின கட்டடத்துல.

பையன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அந்த பர்மாக்காரனுக்கு என்ன ஆச்சு மாமா?"ன்னான்.

கோபம் எல்லா இந்தியர் மேலயும் திரும்புச்சு. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப லட்சக்கணக்கான பேர் கால்நடையா கிளம்பினாங்க. அதுல வட்டிக்கடைக்கே போகாத கூலிக்காரங்கதான் ஜாஸ்தி. சுதந்திரம் வந்த 1948-லேயே அங்க நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டாங்க.

இதைச் சொல்லும்போது என் சட்டைப் பையில நகைக்கடன் நோட்டீஸ் இருந்தது. சம்பா அறுத்தாத்தான் மீட்க முடியும். பையன்கிட்ட அதைச் சொல்லலை. டீ குடிச்சிட்டு பஸ் ஏறினோம்.