கை நீட்டிய கார்கள்



போன கிழமை கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு மொரிஸ் மைனரை வலது பக்கம் திருப்பினோம். சிக்னல் போட்டுத்தான் திருப்பினோம். பின்பக்க லைட் எரியவில்லை என்பது, பைக்கில் வந்த தம்பி சடாரென்று பிரேக் போட்ட பிறகுதான் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

உண்மையில் 1950களில் வந்த இந்தக் காருக்குச் சிக்னல் லைட்டே கிடையாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணுக்குள் ஒரு சின்னக் கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் காந்தச் சுருள் இழுத்து, உள்ளே பல்ப் எரிய அது வெளியே நீளும். துருப்பிடித்தால் நீளாது, நீண்டால் மடங்காது. வாப்பா ஓட்டிய காலத்தில் தூணில் ஒரு தட்டுத் தட்டுவார், விழுந்துவிடும். அமெரிக்காவில் பியூக் கார்களுக்கு 1939இலேயே மின்னும் சிக்னல் வந்துவிட்டது. மொரிஸ் மைனர் இங்கிலாந்திலேயே 1961 வரை கைதான் நீட்டியது.

பிறகு நம் நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. 1960களில் கார் இறக்குமதி சுருங்கியது, 1977இல் பொருளாதாரம் திறக்கும்வரை இருந்த காரைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் கராஜ்களில் பழைய கார்களுக்கு மின்னும் லைட்டைப் பிறகு பொருத்தினார்கள். இல்லாத சாமானை இங்கேயே செய்யவும் பழகினோம். 1990களில் மொரிஸ் மைனர் பாகங்கள் இலங்கையிலிருந்து இங்கிலாந்துக்கே போயின!

ஆனால் இப்படிப் பிறகு பொருத்திய லைட்டுகளில்தான் கோளாறும். பல இடங்களில் தனி எர்த் வயர் இல்லை, காரின் பாடிதான் எர்த். கண்டி மழைக்கும் பனிக்கும் ஆணியடியில் துரு ஏறினால் லைட் மங்கும், இல்லையென்றால் அணையும். பல்பை மாற்றிப் பயனில்லை. பிளாஷருக்குள் மெல்லிய கம்பி ஒன்று சூடாகி நீள்வதும் ஆறிச் சுருங்குவதும்தான் அந்த டிக் டிக் சத்தம். அது 21 வாட் பல்புகளுக்கு அளவாகச் செய்தது. எல்ஈடி போட்டால் மின்சாரம் போதாமல் ஒழுங்காக மின்னாது. போதாக்குறைக்கு, மொரிஸில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இது தெரியாமல் புதுச் சாமான் பூட்டிக் கருக்கியவர்கள் உண்டு. நாங்களும்தான்.

எங்கள் காரில் கோளாறு எர்த்தில்தான். அரத்தாள் தேய்த்து, தனியாக ஒரு வயர் இழுத்தோம். இப்போது நாலு லைட்டும் மின்னுகின்றன. இருந்தாலும் திரும்பும்போது கண்ணாடியை இறக்கி வலது கையையும் வெளியே நீட்டுகிறோம்.