மறுப்பு இல்லாத இடத்தில் வழக்கு ஏது? தேர்வுக்கூடம், வகுப்பறை, பேருந்து: மாற்றுத்திறனாளர் உரிமை வழக்குகள் குறித்து

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி உச்ச நீதிமன்றம் கடந்த பத்தாண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு கோணல் கண்ணில் படும். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மருத்துவப் படிப்புக்கான தகுதி எனத் தேர்வையும் சேர்க்கையையும் சுற்றிய வழக்குகள் நிறைய. அந்தத் தேர்வுக்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அதே மாணவர் உட்கார்ந்திருந்த வகுப்பறை பற்றிய வழக்குகள் மிகச் சில. வகுப்பறையில் குறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. வழக்குத் தொடுக்க ஒரு மறுப்பு வேண்டும். அதற்கு ஒரு தேதியும், கையெழுத்திட்ட ஓர் அதிகாரியும் வேண்டும். தேர்வுக்கூடம் இவற்றைத் தருகிறது, வகுப்பறை தருவதில்லை. நம் சட்ட வளர்ச்சியின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த வேறுபாடே என்பது இக்கட்டுரையின் வாதம். ராஜீவ் ரதூரி வழக்கின் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதைச் சரிசெய்ய வழி திறந்தது. ஆனால் பள்ளி வாசல்வரை அது வரவில்லை.

முதலில் தேர்வுக்கூடம். எழுதும் கை ஒத்துழைக்காத ஒருவர், 2018ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். விதிகளில் சொல்லப்பட்ட வகையினருக்கு மட்டுமே அந்த வசதி என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் மறுத்தது. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட பயன்களுக்கு உரியது, தேர்வெழுத உதவி கேட்பவரிடம் அதை அளவுகோலாக நீட்டக் கூடாது என்றது. தமிழ்நாட்டு நீதித்துறைப் பணிக்குப் பார்வைக் குறைபாடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை ஏற்ற சுரேந்திர மோகன் வழக்குத் தீர்ப்பு (2019) இனி முன்னுதாரணம் ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டே ஆண்டுகளில் இப்படித் திரும்பியது சிறிய விஷயமல்ல.

அதே 2021 நவம்பரில் வந்த அவ்னி பிரகாஷ் வழக்கு இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. எழுதுவதைக் கடினமாக்கும் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவி நீட் எழுதப் போகிறார். மூன்று மணி நேரத் தேர்வு. அவருக்கு விதிப்படி மேலும் ஒரு மணி நேரம் உண்டு. மையத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மற்றவர்களிடம் வாங்கும்போதே அவரிடமும் விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் நடந்தது அநீதி என்றது, பொறுப்பு தேசியத் தேர்வு முகமையுடையது என்றது. ஆனால் மறுதேர்வுக்கு ஆணையிடவில்லை. இந்த அநீதியை எப்படி நேர்செய்யலாம் என்று ஒரு வாரத்துக்குள் ஆராயும்படி, தவறிழைத்த முகமையிடமே பொறுப்பை ஒப்படைத்தது. தீர்ப்பு மாணவியின் பக்கம். போன ஒரு மணி நேரம் போனதுதான். உரிமை மீறப்பட்ட பிறகே கண் விழிக்கும் சட்டத்தால், அது எவ்வளவு நல்ல சட்டமானாலும், செய்ய முடிவது இவ்வளவே.

ஆனாலும் அவரால் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. இன்ன நாளில், இன்ன மையத்தில், இன்னது மறுக்கப்பட்டது என்று மனுவில் எழுத முடிந்தது. மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில், கரும்பலகையில் இருப்பது தனக்கு ஏன் எழுத வரவில்லை என்று புரியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பெற்றோர் மனுவில் எதை எழுதுவார்கள்? அந்தக் குழந்தையைச் சேர்க்க யாரும் மறுக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கட்டாயத் தேர்ச்சியும் உண்டு. இல்லாதது சிறப்புப் பயிற்றுநர். இல்லாமைக்குத் தேதி கிடையாது.

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு இதற்குத் தக்க சான்று. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்புப் பயிற்றுநர் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அந்த வழக்கில்தான் வகுத்தது. அதைத் தொடுத்தது குழந்தைகளோ பெற்றோரோ அல்லர்; உத்தரப் பிரதேசத்தில் தகுதி பெற்ற சிறப்புப் பயிற்றுநர்கள். அவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டிருந்தது. குழந்தையின் கல்வி உரிமை, ஆசிரியரின் பணி உரிமையின் தோளில் ஏறித்தான் நீதிமன்றப் படியேறியது. 2025 மார்ச்சில் அதே வழக்கு மீண்டும் வந்தபோது, பல மாநிலங்கள் அந்தப் பணியிடங்களை ஒப்பளிக்கவே இல்லை என்று தெரியவந்தது.

பேருந்து இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சக்கர நாற்காலியில் சாலையோரம் காத்திருப்பவரிடம் நடத்துநர் மறுப்பு எதுவும் சொல்வதில்லை. தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் தளம், அதற்கேறப் படிகள்: வண்டியே பதில் சொல்லிவிடுகிறது. ஆனால் வண்டி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், அதில் தள உயரத்தை எழுதியாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நீண்ட பேருந்து வழக்குகளுக்குப் பிடிமானம் கிடைத்தது அங்கேதான். 400 மில்லிமீட்டர் தாழ்தளப் பேருந்து விலை அதிகம், குண்டும் குழியுமாக மழைநீர் தேங்கும் சாலைக்கு அது ஒத்துவராது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. (சாலை மோசம் என்பதை ஓர் அரசே தனக்குச் சாதகமான வாதமாக வைப்பதைச் சட்டக் கல்லூரியில் பாடமாகவே நடத்தலாம்.) 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. எல்லா வழித்தடங்களுக்கும் அவை வரவில்லை. என்றாலும் எழுத்தில் வந்த உயரத்தோடு வழக்காட முடிந்தது என்பதே இங்கு முக்கியம்.

இல்லாமையை மீறலாக மாற்றும் வேலையைச் செய்வது கட்டாயத் தரநிலை. ரதூரி வழக்கின் மதிப்பு இதில் இருக்கிறது. தடையற்ற சூழல் கோரி 2005இல் பொதுநல மனுவாகத் தொடங்கிய வழக்கு அது. 2017இல் காலக்கெடுவுடன் உத்தரவுகள் பிறந்தன. பெரும்பாலும் காகிதத்தோடு நின்றன. 2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு கோளாறு எங்கே என்று காட்டியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு கட்டாய விதிகளைக் கேட்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகளில் 15(1)ஆவது விதி, இணங்கி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பரிந்துரை மொழியில் எழுதப்பட்ட வழிகாட்டி நெறிகளைச் சுட்டிக்காட்டுகிறது. அதனால் அந்த விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது. ஒருவர் கேட்ட பிறகு அவருக்காகச் செய்துதரும் நியாயமான ஏற்பாடு வேறு, யாரும் கேட்கும் முன்பே எல்லோருக்குமாகச் செய்து வைக்க வேண்டிய தடையற்ற சூழல் வேறு என்றும் அமர்வு தெளிவாகப் பிரித்தது. நான் மேலே சொன்ன கோணலுக்கு நீதிமன்றமே தந்த விளக்கமாக இதை வாசிக்கலாம்.

செலவு என்ற மறுப்புரைக்கும் இப்பிரிவினை விடை தருகிறது. மிகையான சுமை என்ற விலக்கு, சட்டத்தில் நியாயமான ஏற்பாட்டின் வரையறைக்குள் மட்டுமே இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் போக்குவரத்துக் கடமைக்கு முன்னால் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற வாசகம் இருந்தது. புதிய சட்டத்தின் 41ஆம் பிரிவிலும் பொருளாதாரச் சாத்தியம் பேசப்படுகிறது. ஆனால் என் வாசிப்பில் அது பழைய வாகனங்களை மாற்றியமைப்பதற்கு மட்டும் பொருந்தும். நாளை வாங்கப்போகும் வண்டிக்கு அதைக் காட்டித் தப்ப இயலாது.

ஆயினும் ரதூரி தீர்ப்பில் இரண்டு குறைகள் தெரிகின்றன. ஒன்று, ஏழாண்டுகள் தவறான விதியை வைத்திருந்த அதே மத்திய அரசிடம் மூன்று மாதம் தந்து புதியதை எழுதச் சொன்னது. உரியவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவது, தடையற்ற சூழல் என்றால் சாய்தளம், மின்தூக்கி, இணையதளம் என்று நினைக்கும் பழக்கத்தை அது முழுதாக உடைக்கவில்லை. செவித்திறன் குறைந்த மாணவருக்குச் சாய்தளத்தால் என்ன பயன்? சைகைமொழி தெரிந்த ஆசிரியரே அவருக்கு வாசல். பள்ளிகளைப் பற்றிய 16ஆம் பிரிவோ முயற்சி செய்ய வேண்டும் என்ற தளர்ந்த சொல்லில் தொடங்குகிறது. கட்டாயம் அதற்குப் பிறகே வருகிறது.

அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகரித்த பள்ளிகளையும் அந்தப் பிரிவு சேர்த்துச் சொல்வதில் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை வேண்டும். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு இவற்றில் கெடுபிடி கூடியது. தடையற்ற சூழலுக்கும் சிறப்புப் பயிற்றுநர் விகிதத்துக்கும் ஒரு சான்றை இந்த வரிசையில் சேர்க்கலாம். அரசுப் பள்ளிகளுக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு இல்லாததால், ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பணியிட நிர்ணயத்தில் விகிதத்தைப் பள்ளிவாரியாக எழுதி வெளியிட வைக்க வேண்டும். சான்றை யார் தருவது, தவறாகத் தந்தவர்மேல் 89ஆம் பிரிவின் அபராதம் பாயுமா என்ற கேள்விகள் எழும். அவை அடுத்த வழக்குக்கு உரியவை. அப்போது பெற்றோர் கையில் ஒரு தேதியும், ஒரு கையெழுத்தும், நிரப்பாமல் விட்ட ஒரு கட்டமும் இருக்கும்.