இருபத்திரண்டு இஞ்சு கறுப்பு வண்டி

ஒரு சைக்கிள் வாங்க நாலு பேரிடம் யோசனை கேட்ட காலம் ஒன்று இருந்தது. அரசு ஊழியர்களுக்கு சைக்கிள் முன்பணம் கொடுப்பார்கள். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தம் முடிவதற்குள் வண்டி ஆட்டம் கண்டுவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன அடி இல்லை. எங்கள் தஞ்சைப் பக்கம் சித்திரை வெயிலில் தார் உருகி டயரில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் களிமண் மட்கார்டுக்குள் புகுந்து அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. இந்த இரண்டையும் தாங்கி, வருடம் முழுக்க ஒரு நாள் தவறாமல் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி எது என்பதுதான் அப்போதைய கேள்வி. மழையில் வண்டி படுத்துவிட்டால் அன்றைக்கு அரை நாள் லீவு போயிற்று. தினக்கூலிக்காரராக இருந்தால் கூலியே போயிற்று.

அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் கண்ட விடை ஒன்றுதான்: அந்தக் கறுப்பு வண்டி. 28க்கு ஒன்றரை இஞ்சு சக்கரம், கம்பி பிரேக், மூடிய செயின் கவர், பின்னால் கனத்த கேரியர், இரண்டு காலில் நிற்கிற ஸ்டாண்டு. எடை எப்படியும் இருபது கிலோவைத் தாண்டும்.

இந்த வடிவம் நம் ஊரில் பிறந்ததல்ல. 1885இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதன்பின் பர்மிங்காமும் நாட்டிங்காமும் சைக்கிள் ஊர்களாயின. அங்கே அதை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளிகள், தபால்காரர்கள், போலீஸ்காரர்கள். அங்கேயும் வருடம் முழுக்க ஈரம்தான். ஆகவே சேறு படாமல் செயினுக்கு முழு மூடி, மேடு பள்ளத்தில் உதறல் தெரியாமல் இருக்க நீண்டு சாய்ந்த சட்டம் என்று அந்த வண்டி அமைந்தது. சீமையின் மழைக்காகச் செய்தது நம் காவிரிப் படுகையின் மழைக்கும் பொருந்திப் போனது.

வெள்ளைக்காரன் காலத்தில் ராலி, ஹம்பர், ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் கப்பலில் வந்தன. ஹம்பர் வண்டியின் முன் ஃபோர்க்கில் இரட்டைக் குழாய் இருக்கும். அதைப் பார்த்தே தூரத்தில் வருவது எந்த வீட்டு வண்டி என்று சொல்லிவிடலாம். பி.எஸ்.ஏ. துப்பாக்கி செய்த கம்பெனி, அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, இங்கேயே செய்யச் சொன்னார்கள். 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூர் தொழிற்சாலை அப்படி வந்தது. வங்காளத்தில் அசன்சோல் அருகே சென்‑ராலி வந்தது. 1951இல் சோனிபத்தில் அட்லஸ். பிரிவினைக்கு முன் பாகிஸ்தான் பக்கத்துக் கமாலியாவிலிருந்து வந்த முன்ஜால் சகோதரர்கள் முதலில் உதிரி பாகம் விற்று, பிறகு 1956இல் லூதியானாவில் ஹீரோ என்ற பெயரில் முழு வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். முப்பதே வருடத்தில், 1986இல், உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள்.

ஹெர்குலஸ் உசத்தியா, பி.எஸ்.ஏ. உசத்தியா என்று டீக்கடை பெஞ்சில் வாய்ச்சண்டை நடக்கும். இரண்டும் ஒரே அம்பத்தூரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன என்பதை அங்கே யாராவது சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கிலாந்திலும் கதை அப்படித்தான் முடிந்தது. ஹெர்குலஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள், கடைசியில் 1960இல் ராலி என்று எல்லாமே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற ஒரே குடையின் கீழ் போய்விட்டன. பித்தளை வில்லையைப் பார்த்து வண்டி வாங்கியவர்களைவிட, பாகத்தைப் பார்த்து வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் கட்சி.

பாகம் பார்ப்பதில் தேர்ந்தவர்கள் சைக்கிள் கடை மேஸ்திரிகள். புது வண்டி அப்போதெல்லாம் பெரும்பாலும் பிரித்த நிலையில்தான் கடைக்கு வரும். பூட்டுகிறவரின் கைதான் பாதி ஆயுளைத் தீர்மானிக்கும். சக்கரத்தைத் தூக்கி லேசாகத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். பால்ரஸ் சரியாக உட்கார்ந்திருந்தால், சக்கரம் நிற்கும் முன் வால்வின் கனத்தில் முன்னும் பின்னும் ஊஞ்சலாடி, வால்வு அடியில் வந்து நிற்கும். கப்பை இறுக்கியிருந்தால் நடுவிலேயே பொசுக்கென்று நின்றுவிடும். போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். இங்கிலீஷ் வழக்கப்படி முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40. சுமை விழுவது பின்னால் என்பதால் இந்தக் கணக்கு. பிறகு வண்டியை ஒரு சாண் தூக்கிக் கீழே போட்டுச் சத்தம் கேட்பார்கள். 'தொப்' என்றால் சரி, 'கலகல' என்றால் எங்கோ நட்டு தளர்வு.

உயரமும் முக்கியம். இருபத்திரண்டு இஞ்சு சட்டம் பெரும்பாலோருக்குப் பொருந்தும். நெட்டையர்களுக்கு இருபத்து நாலு. சின்னப் பையன்கள் இதே வண்டியில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றார்கள்.

கியர் கிடையாது. முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் பெடல் ஒரு சுற்று வருவதற்குள் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று வரும். சமதரையான தஞ்சைக்கு அது போதும். ஏற்காடு அடிவாரத்துக்காரர்கள் வேறு சொல்வார்கள்.

குறையும் உண்டு. கம்பி பிரேக்கில் ரப்பர் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் போய் அழுத்தும். ரிம் கொஞ்சம் கோட்டமாகியிருந்தாலும் உரசாது என்பது அதன் நல்ல குணம். ஆனால் முலாம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பாலத்து இறக்கத்தில் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்! பின் சக்கரத்தைக் கழற்றுவதும் செயின் கவரால் பெரும் பாடு. ஆகவேதான் நம் பஞ்சர் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலே, டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே உருவி ஒட்டுப் போடும் வித்தையைக் கைவசம் வைத்திருந்தார்கள்.

வண்டி நீடித்ததற்கு இரும்பின் கனம் ஒரு பாதிக் காரணம். மறு பாதி, எந்தக் கம்பெனி வண்டியானாலும் டயர், டியூப், செயின், பால்ரஸ், காட்டர் பின் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு ஸ்பானர், ஒரு சுத்தியல், ஒரு தகர டப்பா சொல்யூஷன் வைத்திருக்கிற புளியமரத்தடிக் கடை போதும். மழைக்காலம் முடிந்ததும் ஓவராயிலுக்கு விடுவோம். எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவார்கள். தேய்ந்தது மாறும், சட்டம் நிற்கும். அப்பா ஓட்டிய வண்டி மகனுக்கு வந்தது இப்படித்தான்.

அப்போது நகராட்சிக்கு வருடா வருடம் வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனால், டபுள்ஸ் போனால், போலீஸ்காரர் பிடிப்பார். டயரில் உரசி எரியும் டைனமோ விளக்கு, வண்டி நின்றால் அணைந்துவிடும். எதிரே வருபவரிடம் நின்று பேசினால் இருட்டில்தான் பேச வேண்டும்.

இந்த வண்டி எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் மேல்சாதித் தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முன்பணம் போட்டு வாங்கின வண்டியாக இருந்தாலும் அந்தத் தெருவில் அதில் உட்கார உரிமை இல்லை. சிலர் மறுத்து ஏறி ஓட்டினார்கள், அதற்காக அடியும் பட்டார்கள். கறுப்பு சைக்கிளின் சரித்திரத்தில் இதை விட்டுவிட்டு பால்ரஸைப் பற்றி மட்டும் எழுதினால் அது முழுச் சரித்திரம் ஆகாது.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்துப் பயிற்சியோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராம நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் தயங்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது. முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடம் கட்டலாம். எந்த வண்டி தனக்கு உழைக்கும் என்பதை அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாதச் சம்பளக்காரர்கள் மொபெட்டுக்கு மாறினார்கள். சைக்கிள் கூலிக்காரர் வண்டி, பால்காரர் வண்டி, பள்ளிப் பிள்ளைகள் வண்டி என்று ஆனது. நாட்டிங்காமில் 2002இல் ராலி வண்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று, சரியாக உலக சைக்கிள் தினத்தில், வேலையை நிறுத்தியது.

கறுப்பு வண்டி இன்னும் விற்பனையில் இருக்கிறது. இப்போது தினசரி ஓட்டத்துக்கு வாங்க நினைக்கிற நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மலை வண்டி போல ஸ்பிரிங் ஃபோர்க் வைத்து விலை மலிவாக நிற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஸ்பிரிங்கிற்குள் களிமண் நீர் போனால் இரண்டு மழையில் துருப்பிடித்து இறுகிவிடும். சாதாரண இரும்பு ஃபோர்க், முழு மட்கார்டு, முடிந்தால் செயின் கவர், இது போதும். பிரேக்கில் மட்டும் நான் பழசுக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும் மழையில் எவ்வளவோ மேல். வாங்கும் முன் உங்கள் தெருமுனைக் கடையில் அந்த அளவு டயரும் டியூபும் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இருக்கிற வண்டியாக இருந்தால், புரட்டாசி முடிவதற்குள் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை மாற்றிவிடுங்கள். தை பிறந்ததும் ஒரு ஓவராயில்.