பாஸ்டர் நிறுவனத்துச் சீரம்

காம்ப்ளிமென்ட் எனும் இரத்தப் புரதங்களின் வரலாற்றை ஹான்ஸ் புக்னரிடமிருந்து தொடங்குவோர் உண்டு. சூடாக்கினால் சீரம் கிருமி கொல்லும் ஆற்றலை இழக்கிறது என்று அவர் முன்னரே காட்டியது உண்மைதான். ஆனால் அவர் கண்டது ஒற்றைப் பொருளை. 1895-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்டே, காலராவுக்கு எதிராகத் தடுப்பூட்டிய விலங்கின் சீரத்தை 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினார். அது கிருமிகளைக் கொல்லவில்லை. தடுப்பூட்டாத விலங்கின் புதுச் சீரத்தைச் சிறிது விட்டதும் மடிந்தன. ஆக, குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணும், வெப்பம் தாங்கும் பொருள் ஒன்று. தடுப்பூட்டாத விலங்கிடமும் இருக்கும், வெப்பத்தில் செயலிழக்கும் பொருள் இன்னொன்று; அதுவே காம்ப்ளிமென்ட். இன்று செவ்வியல் பாதை எனப்படுவது இந்தக் கூட்டுச் செயல்தான். அதைப் பிரித்துக் காட்டியவருக்கே முதல் உரிமை. 1906-இல் வாசர்மன் சிபிலிஸுக்கான இரத்தப் பரிசோதனையை எழுப்பியதும் போர்டே இட்ட அடித்தளத்தின் மீதே.