ஓடுதளமும் ஆய்வுக்கூடமும்: டாக்டர் மணி ஜெகதீசன்

1877ஆம் ஆண்டு ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டதனால் மலாயாவின் பால்மர வரலாற்றில் இடம்பெற்ற பேராக் மாநிலத்துக் கோலகங்சார் நகரமே, ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரராகவும் பின்னர் மருத்துவ ஆய்வாளராகவும் விளங்கிய மணி ஜெகதீசன் 1943இல் பிறந்த ஊராகும். பதினாறு வயதில் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடிய அவர், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்று, 1966இல் பாங்காக்கில் 100, 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றதால் ‘பறக்கும் டாக்டர்’ என அழைக்கப்பட்டார். அதே ஆண்டுக்கான தேசிய விளையாட்டு வீரர் விருது அவருக்கும், வீராங்கனை விருது பேராக்கின் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜமணிக்கும் கிடைத்தன.

விளையாட்டால் பணம் ஈட்டியவர் ஒலிம்பிக்கில் பங்கேற்கலாகாது என்னும் ‘அமெச்சூர்’ விதி நடப்பிலிருந்த அக்காலத்தில், எத்தனை பதக்கம் வென்றாலும் பிழைப்புக்கு வேறு தொழில் வேண்டியிருந்தது; அவருக்கு அது மருத்துவம். 1968இல் கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில், காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பது குறுந்தூர ஓட்டத்திற்குச் சாதகமாக அமையும் சூழலில், 200 மீட்டரை 20.92 வினாடியில் கடந்து அவர் படைத்த தேசியச் சாதனை, கைருல் ஹாபிஸ் 2017இல் 20.90 வினாடியில் ஓடும்வரை நிலைத்தது.

பின்னாளில் அவர் இயக்குநராகப் பொறுப்பேற்ற கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம், தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் வாட்டிய நோய்களை ஆராய 1900இல் தோன்றியதாகும். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கால்வீக்கமும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாக்கும் பெரிபெரி நோய் தாக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியது மலாயாவில் கவனிக்கப்பட்டிருந்தது; அரிசியைத் தீட்டும்போது நீங்கும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் சத்து உள்ளது என்பதைத் தெளிவாக்கியதில் இக்கழகத்தின் ஆய்வுகளுக்கு முக்கியப் பங்குண்டு.

கோடைக்கால ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனை, அதாவது தடைசெய்த மருந்தை வீரர் உட்கொண்டாரா எனச் சிறுநீரில் ஆராயும் முறை, முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததும் அவர் கடைசியாக ஓடிய அந்த மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான். ஆய்வுக்கூட அறிவையே நம்பிய அத்துறை வளர்ந்தபோது, ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுத் தலைவராகவும் அவர் பணியாற்றினார். விளையாட்டு ஊதியம் தராத காலத்தில் தேடிக்கொண்ட தொழிலே அவரை மீண்டும் விளையாட்டரங்கிற்கு அழைத்து வந்தது.